எரியல மிஸ், வேகுது

மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நம் கல்லூரி விடுதியின் சமையலறைக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். மைக்கைக் கண்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் குரல் நன்றாக இருக்கிற ஒருவர் வாசியுங்கள். நான் பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொள்கிறேன்.

சமையலைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. பருப்பு எந்தப் பதத்தில் இறங்க வேண்டும், லீக்ஸில் மண் போக எப்படிக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் நின்று பார்த்துக் கையால் பழக வேண்டியவை. நான் எழுத நினைப்பது ஒரு காலைப்பொழுதைப் பற்றி. இந்தச் சமையலறையில் எத்தனையோ காலை பார்த்துவிட்டேன். அந்த ஒன்றை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

நீங்கள் வந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. தட்டை வழிக்க வாளி, பின்பக்கம் உரக்குழி, மேசையில் எவர்சில்வர் ஜக்கில் மலை ஊற்றிலிருந்து பிடித்த பீலித் தண்ணீர். முன்பு அப்படி இல்லை. மிஞ்சிய சோறும் காய்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் வாளி வாளியாகப் பின்பக்கச் சரிவில் போய் விழும். மழை பெய்தால் அத்தனையும் ஓடையில் இறங்கும். ஓடைக்குக் கீழே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயம். அங்கிருந்து பெண்கள் ஏறி வந்து, "நீங்க தின்னுட்டுப் போட்டதுல நாங்க துணி தொவைக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நானும் ஒரு லயத்துப் பெண்தான். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவேன்.

பிறகுதான் பசுமைச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டோம். நம் கல்லூரியில் அப்போது படிப்பித்த இளம் மிஸ் ஒருவர் எங்களை எல்லாம் அரிசி மூட்டைகளின் மேல் உட்காரவைத்து விளக்கினார். சாப்பாடு வீணாகக் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, விறகும் தண்ணீரும் அளவாகச் செலவாக வேண்டும், மிஞ்சுவது மண்ணாக வேண்டும். இதையெல்லாம் செய்கிற விடுதிக்குத்தான் சான்று கொடுப்பார்கள். பெரிய மாஸ்டர், அதாவது அப்போதிருந்த தலைமைச் சமையல்காரர், கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"பச்சச் சான்றுன்னா, இனிமே வேக வைக்காம பச்சையாவே குடுக்கணுமா மிஸ்? எனக்கென்ன, வேலை லேசு" என்றார்.

மிஸ் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. ஆனால் விடவில்லை. மறு வாரமே பின்பக்கத்தில் குழி வெட்டவைத்தார். காய்கறித் தோல் ஒரு அடுக்கு, அதன் மேல் யூக்கலிப்டஸ் சருகு, அதன் மேல் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுக் குச்சிகளை ஒடித்துப் போட்டு ஒரு அடுக்கு, கொஞ்சம் சாணம். குழி நிறைந்து மேட்டைப் போல உயர்ந்தது.

சாப்பாட்டு மண்டபத்தில் தட்டு வழிக்கிற வாளியில் 'கழிவு' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பாத்திரம் கழுவுகிற லெச்சுமிக்கு அது பிடிக்கவில்லை.

"சோத்தப் போயி கழிவுன்னு எழுதுறதா? கழிவுன்னா என்னான்னு இவங்களுக்குத் தெரியாதா?" என்று நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள். "காக்காய்க்கு ஒரு பங்கு வைக்கிறோம். நாய்க்கு ஒரு பங்கு வைக்கிறோம். இது குழிக்கு ஒரு பங்கு. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து எங்கள் வாயில் அது குழிப்பங்கு ஆனது. படிக்கிற பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்த தட்டைத் தூக்கிக் காட்டி, "இன்னைக்கி என்கிட்ட குழிப்பங்கு இல்லைக்கா" என்பார்கள். கழிவு என்று எழுதியிருந்த நாளில் யோசிக்காமல் கொட்டியவர்கள், பங்கு என்று சொன்னதும் அளவாகப் போட்டுச் சாப்பிடத் தொடங்கினார்கள். ஒரு சொல்லுக்கு இவ்வளவு வேலை செய்ய முடியும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

குழிக்குள் சூடு பிறக்கும் என்று மிஸ் சொல்லியிருந்தார். படித்தவர் சொல்கிறார் என்று தலையை ஆட்டினேன். மனதுக்குள் நம்பவில்லை. அடுப்பில் வைக்காத சோறு எப்படிச் சுடும்?

தை மாதம், உறைபனி விழுகிற காலம். லயத்திலிருந்து குறுக்குப் பாதையில் வேலைக்கு ஏறி வருகிறேன். விடிகிற நேரம். புல், கரட் பாத்தி, வேலிக் கம்பி, எல்லாவற்றின் மேலும் உப்பை அள்ளிக் கொட்டியதைப் போல வெள்ளை. காலடியில் புல் நொறுங்குகிறது. மேலே பார்த்தால் சமையலறைக்குப் பின்னால் புகை. யாரோ குழிக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள் என்று ஓடினேன். போய்ப் பார்த்தால் நெருப்பு இல்லை. சுற்றிலும் எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்க, அந்த மேடு மட்டும் கறுப்பாக, ஈரமாக, ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் மேல் தோட்டத்து நாய்கள் சுகமாகச் சுருண்டு படுத்திருக்கின்றன.

நாய்களை விலக்கிவிட்டு மேட்டுக்குள் கையை விட்டேன். வைத்திருக்க முடியவில்லை. சுட்டது.

பிறந்ததிலிருந்து நெருப்போடு போராடியவள் நான். ஈர விறகு, ஊதாங்குழல், கண்ணெரிச்சல் எல்லாம் பழகினவள். ஒரு அடுப்பைப் பற்றவைக்க மலைநாட்டுக் குளிரில் என்ன பாடு என்று உங்களுக்கும் தெரியும். இங்கே யாரும் பற்றவைக்கவில்லை, யாரும் ஊதவில்லை. லீக்ஸ் தோகையும் தேயிலைச் சக்கையும் பிள்ளைகள் மிச்சம் வைத்த பிடிச் சோறும் தங்களுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தன. அங்கேயே நின்று கும்பிட்டேன். கோயிலில் கும்பிடுகிறதைப் போலத்தான். சுற்றுமுற்றும் யாராவது பார்த்தார்களா என்று பிறகுதான் பார்த்தேன்.

அதற்கு அடுத்த தையில்தான் நான் சொல்லவந்த அந்தக் காலை. குழி தொடங்கிவைத்த மிஸ் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார்.

வெளிநாட்டுக் கல்லூரிகளிலிருந்து பிள்ளைகளை இங்கே தங்கிப் படிக்க அனுப்புவதாகப் பேச்சு நடந்தது. சான்று உள்ள விடுதியில்தான் தங்குவார்கள் என்பது அவர்களுடைய நிபந்தனை. எங்கள் சமையலறைக்குச் சான்று கிடைக்காவிட்டால், ஏற்கெனவே சான்று வைத்திருக்கிற கொழும்பு ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவது என்று நிர்வாகம் முடிவெடுத்திருந்தது. அவர் தன் ஆட்களோடு வருவார். நாங்கள் போக வேண்டும். ஒரு நாள் அவருடைய ஆட்கள் வந்து, நாங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே எங்களுக்கு நடுவில் டேப்பைப் பிடித்து அடுப்புகளை அளந்தார்கள். "கொஞ்சம் தள்ளுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த மரியாதை எங்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

எங்களில் பெரும்பாலானவர்கள் தேயிலை மலை வேலையை விட்டு வந்தவர்கள். தோட்டத்துச் செக்ரோல் பதிவிலிருந்து பேரை வெட்டியாகிவிட்டது. இந்த வயதில் மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனால் வேலைக்கு ஆள் எடுக்கிற எந்தக் கண்டாக்கு சேர்ப்பார்? மாஸ்டருக்கு மலை வேலையும் தெரியாது. பூண்டுலோயாவிலிருந்து சின்ன வயதில் வந்து இந்த அடுப்படியிலேயே நரைத்தவர்.

சான்றுக்குப் பார்வையிட ஒரு அம்மா மறுநாள் காலை வருவார் என்று செய்தி வந்தது. மாஸ்டர் எங்களை எல்லாம் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி வரிசையாக நிற்கவைத்தார். என்ன செய்யவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"பெரிய தொர வாராருன்னா என்னா செய்வாங்க? லயத்துக்கு முன்பக்கம் வெள்ள அடிப்பாங்க. பின்பக்கத்த மறைச்சிருவாங்க. அதே கணக்குத்தான். நடங்க."

நடந்தோம். சுவருக்கு வெள்ளையடித்தோம். வாசலில் மாவிலை கட்டினோம். குழிப்பங்கு வாளிகள் பழையவை, நசுங்கியவை. அவை விறகுக் கொட்டகைக்குள் போயின. உரச் சாக்கை வெட்டித் தைத்திருந்த காய்கறிப் பைகளும் போயின. விடுதி மேனேஜர் சேர் வந்து குழியைப் பார்த்தார். முகம் சுளித்தார். "இது கண்ணுக்கு நல்லா இல்ல. மூடிருங்க" என்றார். நீலப் பிளாஸ்டிக் தறப்பாளை இழுத்து மூடி, ஓரமெல்லாம் கல் வைத்து, சமையலறையிலிருந்து தெரியாதபடி சைப்பிரஸ் கிளைகளை வெட்டி முன்னால் சாய்த்தோம்.

கடைசியாக மாஸ்டர் டவுனிலிருந்து பிளாஸ்டிக் போத்தல் தண்ணீரும், ஒருமுறை குடித்துவிட்டு எறிகிற கப்புகளும் வரவழைத்தார்.

"மாஸ்டர், அந்த அம்மா பாக்க வாரதே நாம மறைக்கிறதத்தானே?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"சரசக்கா, விருந்தாளி வந்தா யாராச்சும் கக்கூஸ மொதல்ல காட்டுவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். "அதானே, வாரவங்களுக்குப் பீலித் தண்ணியவா குடுக்குறது?" என்றாள் லெச்சுமி. நானும் சிரித்துவிட்டுப் பருப்பு புடைக்கப் போனேன். பிழை என்று அவர்களைச் சொல்ல மாட்டேன். நூறு வருசத்துக்கு மேலாக, பார்க்க வருகிறவன் குற்றம் பிடிக்கத்தான் வருகிறான் என்று பழகிய சனம் நாங்கள். இருக்கிற நல்லதையும் சேர்த்து ஒளித்துவிடுகிற பிழையை வேறு யார் செய்வார்கள்?

காலையில் அந்த அம்மா வந்தார். சிங்களவர், என் வயதிருக்கும். தடித்த ஜாக்கெட், மூக்குக் கண்ணாடி. வெளியில் புல்லெல்லாம் மறுபடியும் உறைபனி. கைகளைத் தேய்த்துக்கொண்டு, "குளிர், சரியான குளிர்" என்று தெரிந்த தமிழில் எங்களிடம் சொன்னார். நாங்கள் பல்லைக் காட்டினோம்.

மற்றதெல்லாம் மேனேஜர் சேரோடு சிங்களத்தில்தான். முதலிலேயே ஒன்று சொன்னார். சின்னக் குறை இருந்தால் திருத்திக்கொள்ள நேரம் கொடுப்பேன், ஆனால் குப்பையை எரிக்கிற இடத்துக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை, அதற்குப் பிறகு எதையும் பார்க்க மாட்டேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

சுற்றிப் பார்த்தார். அடுப்புகளைக் குனிந்து பார்த்தார். மேசை மேல் இருந்த போத்தல்களையும் கப்புகளையும் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். உட்காரவில்லை.

"இவ்வளவு பேருக்குச் சமைக்கிறீர்கள். மிஞ்சுவதெல்லாம் எங்கே போகிறது?"

மேனேஜர் சேர் சொன்னார்: "மிச்சமே இல்லை மிஸ். பிள்ளைகள் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடுவார்கள்."

அந்த அம்மா எங்கள் பெரிய சோற்று அண்டாவைப் பார்த்தார். லெச்சுமியைப் பார்த்தார். லெச்சுமி தரையைப் பார்த்தாள். அந்த அம்மா பின்பக்க ஜன்னலுக்குப் போனார். போய் நின்றவர், அப்படியே நின்றுவிட்டார்.

"அங்கே என்ன எரிகிறது?"

நான் இருந்த இடத்திலிருந்து தெரிந்தது. விறகுக் கொட்டகைக்குப் பின்னால், சைப்பிரஸ் கிளைகளுக்கு மேலாக, வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக எழும்பிக்கொண்டிருந்தது. போன தையில் நான் எதைப் பார்த்து ஓடினேனோ, அதுவேதான்.

மேனேஜர் சேர் கெட்டவர் இல்லை. இதை நீங்கள் நன்றாக மனதில் வைக்க வேண்டும். பதற்றத்தில் மனுசனுக்கு முதலில் வாயில் வருவது பொய்தான். "அது நம் எல்லைக்கு வெளியே மிஸ். தோட்டத்து ஆட்கள் குளிருக்குச் சருகு எரிக்கிறார்கள்" என்றார்.

அந்த அம்மா வெளியே பார்த்தபடியே இருந்தார். வேலி எங்கே ஓடுகிறது என்று ஜன்னலில் நின்றாலே தெரியும். புகை வேலிக்கு உள்ளே. அவர் கையிலிருந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி. நான் போகிறேன்" என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதைச் சொல்கிறேன். நான் வாயைத் திறந்தால் சேர் சொன்னது பொய் என்று ஆகிவிடும். மேலதிகாரியை வெளியாள் முன்னால் பொய்யர் ஆக்கிவிட்டு, அதற்குப் பிறகு இங்கே எப்படி வேலை செய்வது? வாயைத் திறக்காவிட்டால் வேலையே இல்லை. இன்னொரு பயமும் இருந்தது. குழிக்குக் காற்று வேண்டும் என்று பழைய மிஸ் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். நாங்களோ தறப்பாளால் வாயைக் கட்டிவைத்திருக்கிறோம். உள்ளே புளித்து நாறிப்போயிருந்தால்? திறந்து காட்டி, அந்த நாற்றத்தோடு அந்த அம்மாவை அனுப்பிவைப்பதா?

அந்த அம்மா கதவுப் படியில் கால் வைத்துவிட்டார். சிங்களம் கேட்டால் எனக்கு விளங்கும், பேசுவது கடைச் சிங்களம்தான். இருந்ததை வைத்துச் சொன்னேன்.

"பத்து வென்னே நே மிஸ். இதெனவா."

எரியவில்லை மிஸ், வேகிறது. சிங்களத்தில் 'இதெனவா' என்றால் சோறு வேகுவதற்கும் அதுதான், பழம் பழுப்பதற்கும் அதுதான். அந்தச் சொல் எப்படி என் வாயில் வந்தது என்று தெரியாது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவர் திரும்பினார். "மொனவத இதென்னே?" என்றார். என்ன வேகிறது?

"எங்க குழி மிஸ்." அதற்கு மேல் சிங்களம் ஓடவில்லை. தமிழிலேயே சொன்னேன். "இங்கேருந்து பாத்தா எல்லாருக்கும் பொகை மாதிரித்தான் தெரியும். சேருக்கும் அப்புடித்தான் தெரிஞ்சிருக்கு. எனக்கும் மொதல்ல அப்புடித்தான் தெரிஞ்சிச்சு. நெருப்புன்னு ஓடிப்போய்ப் பாத்தேன்."

அந்த அம்மாவுக்கு விளங்கியதோ என்னவோ. மேனேஜர் சேர் என்னையே பார்த்தார். அவர் கீழே விழாமல் ஏறிவர நான் ஒரு படி போட்டிருந்தேன். அவர் அதில் கால் வைப்பாரா, என்னைத் தள்ளிவிடுவாரா என்று எனக்குத் தெரியாது. அவர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். பிறகு நான் சொன்னதை ஒன்று விடாமல் சிங்களத்தில் சொன்னார். கடைசியில் தானாகவே சேர்த்துச் சொன்னார்: "அது எங்களுடைய உரக்குழி மிஸ். பார்க்க அழகாக இல்லை என்று நான்தான் மூடச் சொன்னேன்."

அந்த ஒரு வரியைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

எல்லோரும் பின்பக்கம் போனோம். கொட்டகையைத் தாண்டியதும் நின்றுவிட்டோம். வேலிவரைக்கும் நிலம் முழுக்க வெள்ளை. கல் வெள்ளை, கிளை வெள்ளை. தறப்பாளின் ஓரமெல்லாம் பனி உறைந்து வெள்ளை. நடுவில் மட்டும் ஒரு துளி பனி இல்லை. பெரிய வட்டமாக நீலம், நனைந்து பளபளத்துக்கொண்டிருந்தது. துளைகளிலும் மடிப்புகளிலும் இருந்தெல்லாம் ஆவி வந்தது. நாங்கள் எவ்வளவு கெட்டியாகக் கட்டி மறைத்தாலும், அது தான் இருக்கிற இடத்தைத் தானே எழுதிக் காட்டியிருந்தது.

"தெறங்க" என்றார் அந்த அம்மா, தமிழில்.

மாஸ்டரும் நானும் இரண்டு பக்கமும் பிடித்தோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நாற்றத்தை எதிர்பார்த்துத்தான். தறப்பாள் விலகியதும் ஆவி மொத்தமாக எழுந்தது. எங்கள் முகத்தில், தலையில், கொட்டகைக் கூரைக்கும் மேலே. அந்த நேரம் பார்த்து வெயில் மலைக்கு மேலாக வந்து அதன் மேல் விழுந்தது. ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குத் தெரியவில்லை. எல்லாம் மஞ்சள் வெளிச்சம். அதற்குள்ளிருந்து ஒரு வாசனை வந்தது. மழை விட்ட பிறகு காட்டுக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாசனை.

பிடித்த மூச்சை விட்டேன்.

ஆவி கொஞ்சம் அடங்கியபோது அந்த அம்மா கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடிப்போய் நின்றுகொண்டிருந்தார். அதைத் துடைக்கவில்லை. கையுறையைக் கழற்றி, ஜாக்கெட் கையை முழங்கைவரை இழுத்துவிட்டு, குனிந்து கையை உள்ளே விட்டார். "அம்மே" என்று வெடுக்கென்று எடுத்தார். பிறகு மறுபடியும் மெதுவாக விட்டார். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து விரலால் கிளறினார். கறுப்பாக, உதிரியாக இருந்தது. அதில் சோறு எது, தோல் எது, மிலாறு எது என்று யாராலும் சொல்ல முடியாது.

எத்தனையோ குழிகளைப் பார்த்திருப்பார். அவருக்குத் தெரியாதது அதில் ஒன்றுமில்லை. என்றாலும் அந்தப் பிடியை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே. நான் போன தையில் தனியாக நின்றேனே, அதே நிற்பு. படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும் அந்த இடத்தில் மனுசன் அப்படித்தான் நிற்பான் போல. எனக்கு அவர் மேல் இருந்த பயம் அங்கேயே போனது.

லெச்சுமிக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. "சோத்துல ஒரு பங்கு இதுக்குக் குடுத்து வளத்தது மிஸ். எங்க வூட்டுப் புள்ளகூட இவ்வளவு சூடா இருக்காது" என்றாள். அதை மேனேஜர் சேர் சிங்களத்தில் சொல்வதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவும் சிரித்தார்.

அதற்குப் பிறகு எதையும் மறைக்க யாருக்கும் மனமில்லை. மாஸ்டரே கொட்டகைக்குள் போய் நசுங்கிய வாளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வெளியே வைத்தார். சாக்குப் பைகளைக் கொண்டுவந்தார். ஓடையையும் பார்க்க வேண்டும் என்றார் அந்த அம்மா. சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கிப் போனோம். கீழே லயத்துப் பெண்கள் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. அடியில் கிடந்த கூழாங்கல்லின் கோடுகூடத் தெரிந்தது. தினமும் அந்த ஓடையைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறேன், அதற்கு முன் ஒரு நாளும் அப்படி நின்று பார்த்ததில்லை. எங்கள் அடுப்படியிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது என்னென்ன என்று எனக்குத் தெரியும். இப்போது வருவது வெறும் தண்ணீர். கும்பிடத் தோன்றியது, ஆட்கள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மேலே ஏறி வந்ததும் அந்த அம்மா மேசையிலிருந்த ஒரு போத்தலை எடுத்துக் காட்டி, "இதை யார் வாங்கச் சொன்னது?" என்று கேட்டார்.

மாஸ்டர் முன்னால் வந்தார். "நான்தான் மிஸ். ஒங்களுக்காகத்தான். நாங்க குடிக்கிறது பீலித் தண்ணி."

"எனக்காகவா?" என்று கேட்டு அந்த அம்மா போத்தலை மேசையில் திரும்ப வைத்தார். "எனக்கு அந்தப் பீலித் தண்ணீரையே கொடுங்கள்" என்றார். கொடுத்தோம். எவர்சில்வர் டம்ளரில், பனிக் குளிரில் பல் கூசுகிற தண்ணீர். நின்றபடியே முழுவதும் குடித்தார்.

பிறகு மேனேஜர் சேரிடம் பேசினார். போத்தலும் கப்பும் இந்த மண்டபத்தில் இனி இருக்கக் கூடாது, விருந்தாளிக்கும் கூடாது. குழியை மூடக் கூடாது. அதைச் சாப்பிட வருகிற பிள்ளைகள் பார்க்கிற இடமாக ஆக்க வேண்டும். இந்தத் திருத்தத்தோடு சான்றுக்குச் சிபாரிசு எழுதுவேன் என்றார். சேர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். முதல்முறை சொன்னபோது யாரும் அசையவில்லை. அவர் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

உங்களுக்கு ஏதாவது சொல்லித்தரவேண்டும் என்றுதானே எழுதச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பார்க்க வருகிறவருக்குப் பின்பக்கத்தைக் காட்டுங்கள். நாம் வெட்கப்படுகிற இடத்தில்தான் சில நேரம் நம்முடைய பெரிய காரியம் நடந்துகொண்டிருக்கிறது. மேலே இருப்பவர் தடுமாறினால், உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் அவரும் கூட ஏறி வர ஒரு படி விட்டுச் சொல்லுங்கள். ஏறுவதும் ஏறாததும் அவருடைய பாடு. குரல் சின்னதாக இருந்தால் பரவாயில்லை. என்னுடையதும் சின்னதுதான்.

அந்த அம்மாவின் வேன் கந்தப்பளைப் பக்கம் இறங்கிப் போன பிறகு, மேனேஜர் சேர் வாசற்படியில் நின்றபடியே தொலைபேசியை எடுத்தார். சான்று கிடைக்காது என்ற கணக்கில் கொழும்பு ஒப்பந்தக்காரருடைய ஆட்கள் மறுநாளே சாமான்களோடு வருவதாக இருந்தது. எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கப் பேசினார் என்று நினைக்கிறேன்.

"வர வேண்டாங்க. இங்க ஆள் இருக்காங்க."

கையில் இருந்த வேலையோடு எல்லோரும் அப்படியே நின்றோம். லெச்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குழாயில் தண்ணீர் ஓடுவதை மூட யாருக்கும் தோன்றவில்லை. மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்து முடித்தும் துண்டை எடுக்கவில்லை. துண்டுக்கு உள்ளிருந்துதான் குரல் வந்தது.

"சரசக்கா, பகல் சாப்பாட்டுக்கு எவ்வளவு அரிசி போட?"

அந்த அடுப்படியில் அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை. அவர் கைதான் அளவு.

"எப்பவும் போடுறதுதான் மாஸ்டர்" என்றேன்.

"எப்பவும் போடுறது" என்று அவர் மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு அரிசி களையப் போனார்.